ஏகோஃபிஸ்க்: எண்ணெயைத் தேக்கிய சாக் பாறையும் தாழ்ந்த கடலடியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1984 நவம்பரில் வட கடலின் நார்வே பகுதியில் உள்ள ஏகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் ஒரு எளிய கணக்கு உதைத்தது. வயலின் நடுவில் நின்ற கான்கிரீட் சேமிப்புத் தொட்டியைச் சுற்றி அலையின் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்புச் சுவர் உண்டு. சுவர் முழுக்க வரிசை வரிசையாக வட்டத் துளைகள். பழைய புகைப்படங்களில் நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்த துளை வரிசைகளை எண்ணி, அன்று தெரிந்தவற்றோடு ஒப்பிட்டபோது வரிசைகள் குறைந்திருந்தன. கடல் உயரவில்லை. தொட்டி நின்ற கடலடியே ஏறக்குறைய 3 மீட்டர் கீழே போயிருந்தது. உற்பத்தி தொடங்கி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயலைச் சுற்றி அத்தனை மேடைகள், குழாய்கள், அளவைக் கருவிகள் இருந்தும் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. எல்லாமே சேர்ந்து இறங்கினால் ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது.

தாழ்வுக்குக் காரணமான சாக் என்னும் மென்மையான வெண் சுண்ணாம்புப் பாறைதான் அந்த வயலை உலகின் பெரிய வயல்களில் ஒன்றாக ஆக்கியதும். 3 கி.மீ. ஆழத்தில் இருக்கக் கூடாத அளவுக்கு அதில் வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தைத் திறந்து வைத்திருந்ததில் பாறையின் பலத்துக்குப் பங்கு குறைவு; உள்ளே அடைபட்ட திரவத்தின் அழுத்தத்துக்கே பங்கு அதிகம். ஒரு படிவுப் பாறை நல்ல எண்ணெய்த் தேக்கமா என்று கேட்கும்போது நுண்துளைமை, அதாவது பாறையின் கன அளவில் வெற்றிடம், எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தச் சதவீதத்தை எது தாங்கிப் பிடிக்கிறது என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அடுக்குகள், கீழிருந்து மேலே

ஸ்டவாங்கர் நகருக்குத் தென்மேற்கே சுமார் 300 கி.மீ. தொலைவில் வயல் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் தொடக்கத்தில் 70 மீட்டர் அளவுதான். அடியில் பெர்மியன் காலத்து செக்ஸ்டைன் உப்பு. உப்பு பாறை போல நடந்துகொள்ளாது. மேல்சுமை ஏறினால் மெல்ல மெல்ல நகர்ந்து, சுமை குறைந்த இடத்தில் மேலெழும். அப்படி எழுந்த உப்பு மேலே இருந்த அடுக்குகளைத் தூக்கி ஒரு குவிமாடமாக வளைத்தது. எண்ணெய் சிக்கிய பொறி அதுதான்: 6.8 கி.மீ.க்கு 9.3 கி.மீ. அளவில் ஒரு நீள்வட்ட மேல்மடிப்பு.

உப்புக்கு மேலே, ஜுராசிக் காலத்தின் இறுதியில் படிந்த மான்டல் களிப்பாறை. உயிர்ச்சத்து மிகுந்த கருங்களி. எண்ணெய் பிறந்தது இதில். அதற்கும் மேலே கிரெடேசியஸ் காலத்திலும் அதை அடுத்த பேலியோசீனின் தொடக்கத்திலும் படிந்த சாக் அடுக்குகள். ஹாட், அதன் மேல் டோர், எல்லாவற்றுக்கும் மேல் ஏகோஃபிஸ்க் என்ற வரிசை. எண்ணெயின் பெரும்பங்கு டோரிலும் ஏகோஃபிஸ்க் அடுக்கிலும் இருக்கிறது. டோர், கிரெடேசியஸின் கடைசிப் பகுதியான மாஸ்ட்ரிக்டியன் காலத்தது. ஏகோஃபிஸ்க் அடுக்கு அதற்கு அடுத்த, பேலியோசீனின் முதல் பகுதியான டேனியன் காலத்தது. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எல்லை இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. அந்த எல்லையை ஒட்டி, டேனியனின் அடியில், எண்ணெய் எளிதில் புகாத ஓர் இறுகிய பட்டை உண்டு. உற்பத்திக்கு இந்தப் பட்டை முக்கியம்: பல இடங்களில் மேல் தேக்கத்தையும் கீழ் தேக்கத்தையும் பிரிக்கும் சுவர் இதுவே.

டோர் படிந்த அதே மாஸ்ட்ரிக்டியன் காலத்தில் படிந்த சுண்ணாம்புப் பாறைகள் அரியலூரிலும் உண்டு. சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுப்பது அவற்றைத்தான். காலம் ஒன்று, பாறை வேறு. அரியலூரில் ஆழம் குறைந்த கடலில் குவிந்த பெரிய சிப்பி ஓடுகள் மண்டிக் கிடக்கின்றன. வட கடலில் திறந்த கடலின் மேற்பரப்பில் மிதந்த நுண்ணுயிர்ப் பாசிகளின் தகடுகள் மழைபோல அடியில் இறங்கின. காக்கோலித் எனப்படும் இந்தக் கால்சைட் தகடுகள் ஒரு மைக்ரானிலிருந்து (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 10 மைக்ரான் வரை இருக்கும். பள்ளிக்கூடச் சாக்பீஸில் பெரும்பாலும் ஜிப்சம்தான். இங்கே பேசுவது அசல் சாக்.

படிந்த விதமும் தரத்தைத் தீர்மானித்தது. மெதுவாக, இருந்த இடத்திலேயே படிந்த சாக்கைக் கடலடிப் புழுக்கள் துளைத்துக் கிளறும், நீர் வடியும், தகடுகள் நெருங்கும், சிமெண்ட் ஆரம்பத்திலேயே பிடிக்கும். ஆனால் சரிவுகளிலிருந்து சேறாக வழிந்து வந்து ஒரே வீச்சில் கொட்டிய சாக்குக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் மறுபடிவான அடுக்குகள் கூடுதல் துளையோடு இருக்கின்றன. கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை உருளையான கோர் துண்டில் குழைந்த மடிப்பு, உடைந்த சாக் உருண்டைகள் போன்ற வழிந்த தடங்கள் தெரிந்தால் அங்கே நல்ல தேக்கம் என்று எதிர்பார்க்கலாம்.

வெற்றிடம் எப்படித் தப்பியது

கடலடியில் புதிதாகப் படிந்த சாக் சேற்றில் சுமார் 70 சதவீதம் நீர்தான். 1 கி.மீ. புதைந்தால் 35 சதவீதத்துக்கு அருகில் வரும், 3 கி.மீ. போனால் சாதாரணமாக 10 முதல் 15 சதவீதம்தான் மிஞ்சும். ஏகோஃபிஸ்கில் 2,900 மீட்டருக்குக் கீழே 25 முதல் 40 சதவீதம் இருந்தது. சில அடுக்குகளில் அதற்கும் மேல்.

காரணத்தை எண்களில் பார்த்தால் விளங்கும். தேக்கத்தின் நடு ஆழம் சுமார் 3,170 மீட்டர். அங்கே மேலுள்ள பாறையும் கடல்நீரும் சேர்ந்து அழுத்தும் சுமை ஏறக்குறைய 9,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), அதாவது 62 மெகாபாஸ்கல். நீர்த்தூணின் அழுத்தம் மட்டும் இருந்திருந்தால் துளைகளுக்குள் 4,600 பி.எஸ்.ஐ. அளவுக்கு இருக்கும், மிச்சம் 4,400-ஐப் பாறையின் திடப்பகுதியான சட்டகம் சுமக்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த திரவ அழுத்தம் 7,000 பி.எஸ்.ஐ. அப்படியானால் சட்டகத்தின் பங்குக்கு வந்தது வெறும் 2,000 பி.எஸ்.ஐ., 14 மெகாபாஸ்கல். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் சாக் எந்தச் சுமையைத் தாங்குமோ அந்தச் சுமைதான் இதன் தலையில் இருந்தது.

இந்த மிகையழுத்தத்தைப் பூட்டி வைத்தது மேலே வேகமாகக் குவிந்த பேலியோசீன் முதல் மயோசீன் வரையான களிப்பாறைகள். நீர் வெளியேற வழி விடாமல் இவை மூடின. மூடுபாறையின் வேலையும் அழுத்தக் கலத்தின் வேலையும் ஒன்றாக நடந்தன. எண்ணெய் சீக்கிரம் வந்து சேர்ந்ததும் உதவியது. துளைகளில் நீருக்குப் பதில் எண்ணெய் நிரம்பியதும் கால்சைட் கரைந்து மறுபடி படிவது மந்தமாகி, சிமெண்ட் பிடிப்பது தளர்ந்தது. எண்ணெய் இருக்கும் முகட்டில் துளை கூடுதலாகவும், பக்கவாட்டில் நீர் உள்ள பகுதியில் குறைவாகவும் இருப்பது இதனால்தான். முகட்டில் தோண்டிய ஒரு கிணற்றின் எண்ணை விளிம்புக்கும் நீட்டிப் போட்டால் இருப்புக் கணக்கு ஊதிப்போகும்.

லாக், கோர், கிணற்றுச் சோதனை: மூன்றும் ஒத்துப்போகாத இடம்

சாக்கில் நுண்துளைமையை அளப்பது பார்வைக்கு எளிது. கால்சைட்டின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.71 கிராம், பாறை கிட்டத்தட்ட தூய கால்சைட். அடர்த்தி லாக்கில் (கிணற்றுக்குள் இறக்கும் கருவி ஆழவாரியாக எடுக்கும் பதிவில்) 2.03 என்று வந்தால், 2.71-இலிருந்து அதைக் கழித்து, கால்சைட்டுக்கும் துளைத் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டால் வகுக்க வேண்டும். தோண்டும்போது கிணற்றில் விடும் சேற்றின் வடிநீர் துளைக்குள் புகுந்திருக்கிறது, அடர்த்தி 1.0 என்று வைத்தால் விடை 40 சதவீதம். வடிநீர் புகவில்லை, லேசான எண்ணெய்தான் இருக்கிறது, அடர்த்தி 0.8 என்று வைத்தால் அதே லாக் 35.6 சதவீதம் என்கிறது. ஊடுருவுதிறன் (திரவத்தைத் தன் வழியே ஓடவிடும் திறன்) குறைந்த பாறையில் வடிநீர் எவ்வளவு தூரம் போனது என்பது ஊகமாகவே இருக்கும். நான்கு சதவீத வித்தியாசம் இந்த வயலில் பல கோடி பீப்பாய். கீழ் ஏகோஃபிஸ்கில் சிலிக்காவும் கலந்திருக்கிறது, அங்கே 2.71 என்ற எண்ணே பொருந்தாது. கோர் துண்டை ஆய்வகத்தில் அளந்து லாக்கைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊடுருவுதிறனில்தான் பெரிய முரண். காக்கோலித் தகடுகளுக்கு இடையிலுள்ள கழுத்துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கோரிலிருந்து வெட்டிய சிறு உருளைகளில் அளந்தால் ஊடுருவுதிறனின் அலகில் 1 முதல் 5 மில்லிடார்சிதான் வரும். இதை மட்டும் நம்பி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 1 மில்லிடார்சி, 150 மீட்டர் கனம், 2,000 பி.எஸ்.ஐ. அழுத்த வேறுபாடு, பிசுக்குமை சுமார் 0.3 சென்டிபாய்ஸ். வட்டப்பாய்வுச் சமன்பாட்டில் இட்டால் நாளுக்கு 2,000 பீப்பாயைத் தாண்டாது. ஏகோஃபிஸ்கின் ஆரம்பக் கிணறுகளோ சுமார் 10,000 பீப்பாய் கொடுத்தன.

மிச்சம் வந்தது பிளவுகள் வழியாக. உப்பு மேலெழுந்து அடுக்கை வளைத்தபோது பாறை நெடுக வெடித்திருந்தது. பிளவுகளோடு சேர்ந்த ஊடுருவுதிறன் சில இடங்களில் 100 மில்லிடார்சியைத் தாண்டும். கோர் உருளை இதைக் காட்டாது. வெட்டுபவர் உடையாத துண்டைத்தான் தேர்ந்தெடுப்பார். பிளவு உள்ள துண்டு கையிலேயே உடைந்துவிடும். எனவே உருளை அளவுக்கும், கிணற்றை ஓடவிட்டு அழுத்தத்தை அளக்கும் கிணற்றுச் சோதனையின் அளவுக்கும் உள்ள விகிதம்தான் பிளவுகளின் உண்மையான அளவுகோல். விகிதம் ஒன்றுக்கு அருகில் இருந்தால் அங்கே பிளவு இல்லை அல்லது கால்சைட் நிரம்பி அடைத்துக்கொண்டது. பத்து, இருபது என்று வந்தால் எண்ணெய் சேமிப்பது துளைகளில், ஓடுவது பிளவுகளில். இரட்டைத் துளைமைத் தேக்கம் என்பது இதுதான். இந்த இரட்டை அமைப்பு பின்னால் தண்ணீர் விடும்போது கவலையையும் கொடுத்தது, கைகொடுக்கவும் செய்தது.

நில அதிர்வு வரைபடத்தில் இன்னொரு தொல்லை. முகட்டுக்கு மேலுள்ள களிப்பாறைகளில் வாயு கசிந்து பரவியிருக்கிறது. வாயு உள்ள பாறையில் அதிர்வலை மெதுவாகச் செல்வதால், அலை திரும்பி வரும் நேரத்தை வைத்து வரைந்த படத்தில் குவிமாடத்தின் உச்சி குழிபோலத் தெரியும். ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல உச்சியின் பெரும்பகுதி மங்கிவிடும். கிணறுகள் சொன்ன ஆழத்தை வைத்துத்தான் மேடு மேடாயிற்று.

எவ்வளவு இருந்தது

வட்டக் கணக்காகப் பார்ப்போம். 6.8-க்கு 9.3 கி.மீ. நீள்வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர கி.மீ. எண்ணெய்த்தூண் முகட்டில் 300 மீட்டருக்கு மேல். விளிம்புக்குப் போகப் போகக் குறையும். சராசரிக்கு 150 மீட்டர் வைக்கலாம். துளைமை 30 சதவீதம், அதில் எண்ணெய் 80 சதவீதம். மேலே வரும்போது வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும்; சுருக்கக் காரணி சுமார் 1.8. பெருக்கி வகுத்தால் 100 கோடி கன மீட்டர், ஏறக்குறைய 630 கோடி பீப்பாய். வெளியாகியுள்ள மதிப்பீடுகளும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. இதில் ஒரு சதவீதம் கூடுதலாக எடுத்தாலே 6 கோடி பீப்பாய்க்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் செலவான பணம் ஏன் செலவானது என்பது புரியும்.

ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் தலைமையிலான குழு 1969 இறுதியில் ஓஷன் வைக்கிங் மிதவை மேடையிலிருந்து வயலைக் கண்டுபிடித்தது. 1971-இல் கல்ஃப்டைட் என்ற கால் ஊன்றும் மேடையில் நான்கு கிணறுகளை இணைத்து, கப்பலில் ஏற்றிச் சோதனை உற்பத்தி ஆரம்பமானது. வயல் முழுவதையும் கட்டுவதற்கு முன் சாக் பாறை தொடர்ந்து எண்ணெய் தருமா என்று நிஜ உற்பத்தியால் பார்த்தது நல்ல முடிவு. 10 லட்சம் பீப்பாய் கொள்ளும் கான்கிரீட் தொட்டி 1973-இல் நிலைக்கு வந்தது. எண்ணெய்க் குழாய் 1975-இல் இங்கிலாந்தின் டீசைடுக்கும், வாயுக் குழாய் 1977-இல் ஜெர்மனியின் எம்டனுக்கும் போயின. அப்போதைய எதிர்பார்ப்பு: இருப்பதில் 17 சதவீதம் அளவுக்கு வெளியே வரும்.

அழுத்தம் இறங்கியபோது

எண்ணெய் எடுக்க எடுக்கத் திரவ அழுத்தம் 7,000-இலிருந்து இறங்கியது. மேல்சுமை 9,000 அப்படியே இருந்தது. 1980-களின் நடுவில் தேக்க அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதாவது சட்டகத்தின் தலையில் இருந்த சுமை 2,000-இலிருந்து 5,000-க்கு மேல் ஏறியது, இரண்டரை மடங்கு. துளைமை 35 சதவீதத்துக்குக் கீழே உள்ள சாக் இதைப் பெரும்பாலும் மீள்தன்மையோடு தாங்கும். 40 சதவீதத்தை நெருங்கும் சாக் தாங்காது. ஒரு கட்டத்தில் தகடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்ட் முடிச்சுகள் உடைந்து, துளைகள் இடிந்து, திரும்பி வராத வகையில் சுருங்கும். துளை இடிவு என்று இதைச் சொல்வார்கள். சிலிக்கா கலந்த சாக் கொஞ்சம் உறுதியானது. ஆக, மிகச் சிறந்த தேக்கப் பகுதிகள்தான் முதலில் இடிந்தன.

சுருக்கத்தின் அளவைக் கணக்கிட ஒரு விதி போதும்: திடப்பொருளின் உயரம் மாறாது. 300 மீட்டர் அடுக்கில் 38 சதவீதம் துளை என்றால் திடம் 186 மீட்டர். அடுக்கு 297 மீட்டராகச் சுருங்கினால் துளைமை 37.4 சதவீதம். 3 மீட்டர் சுருக்கம் துளைமையில் காட்டும் மாற்றம் வெறும் 0.6! எந்த லாக்கும் இதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. துளைமையை அளந்து சுருக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று காத்திருந்தால் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். கிணற்றின் உட்சுவராக இறக்கும் உருக்குக் குழாயான கேசிங்குக்கு வெளியே பாறையில் கதிரியக்கக் குறிகளைச் சுட்டு வைத்து, அவற்றின் இடைவெளியை ஆண்டுதோறும் அளப்பது நம்பகமான வழி.

அடியில் நடக்கும் சுருக்கம் மேற்பரப்புக்கு வருமா என்பது தேக்கத்தின் அகலத்தைப் பொறுத்தது. அகலம் குறைவு, ஆழம் அதிகம் என்றால் மேலுள்ள பாறை வளைவுபோலத் தாங்கிக்கொள்ளும். ஏகோஃபிஸ்கில் ஆழம் 3 கி.மீ.; அகலம் அதன் இரு மடங்குக்கு மேல். வளைவு நிற்க இடமில்லை. சுருக்கத்தின் பெரும்பங்கு கடலடியில் ஒரு விரிந்த கிண்ணமாக வெளிப்பட்டது.

ஆய்வகச் சோதனைகளில் ஒரு நுணுக்கம் தவறிப்போவதுண்டு. பாறையை எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் நெருக்கிச் சோதிப்பது சுலபம். வயலில் அப்படி நடக்கவில்லை. அங்கே அளந்தபோது, செங்குத்துத் திசையில் சட்டகத்தின் சுமை 100 ஏறினால் கிடைத்திசையில் 20 அளவுக்குத்தான் ஏறியது. இந்த ஏற்றத்தாழ்வு பாறையைச் சறுக்கி உடைக்கும். அது கேடு என்று மட்டும் சொல்ல முடியாது: துளை சுருங்கி ஊடுருவுதிறன் சாக வேண்டிய இடத்தில், புதிய சறுக்குப் பிளவுகள் பாதையைத் திறந்து வைத்தன. கிணறுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

அதோடு, இடியும் துளை உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிழிந்து தள்ளும். சுருக்க உந்துதல் என்னும் இந்த இயக்கம் வயலின் உற்பத்தியில் பெரிய பங்கு வகித்தது. தாழ்வை நிறுத்தினால் அந்த இலவச உந்துதலும் நின்றுவிடும் என்ற சங்கடம் நிர்வாகத்தின் முன்னால் இருந்தது.

கிணறுகளில்

பாதிப்பு இரு இடங்களில் வேறு வேறு விதமாக வரும். தேக்கத்துக்குள் அடுக்கு செங்குத்தாகச் சுருங்குவதால் கேசிங் அச்சுவாக்கில் நசுங்கி வளைகிறது. மேலுள்ள களிப்பாறையில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று கிடையாகச் சறுக்கி, கேசிங்கை ஒரு மீட்டருக்குள்ளாகவே பக்கவாட்டில் வெட்டுகின்றன. பெரும்பான்மைக் கிணறுகளில் ஏதோ ஒரு வகைச் சிதைவு வந்தது. முதல் அறிகுறி, வழக்கமாக இறங்கும் கம்பிக் கருவி ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் நிற்பது. அடுத்த முறை இன்னும் சிறிய கருவியும் நிற்கும்.

தடித்த சுவர் கேசிங் போடுவது தேக்கத்தில் பலன் தரும். சறுக்கும் மண்டலத்தில் பலன் குறைவு, பாறை நகர்ந்தால் உருக்கு நிற்காது. அங்கே துளையைப் பெரிதாகத் தோண்டி இடைவெளி விடுவதும், சிமெண்ட் போடாமல் விடுவதும் கொஞ்ச காலம் வாங்கித் தரும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய் வைப்பது தேக்கத்துக்குள் உதவும்.

அமிலச் சிகிச்சை இன்னொரு கதை. சாக் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்துக் கரையும். 28 சதவீத அமிலத்தை அழுத்தி விட்டுப் பாறையைப் பிளந்தால் பிளவின் சுவர்களில் ஓடை அரித்துக்கொண்டு உற்பத்தி எகிறும். ஆனால் மென்மையான சாக்கில், திரவ அழுத்தம் இறங்க இறங்க ஓடைகளின் ஓரங்கள் நசுங்கிப் பிளவு மூடிக்கொள்ளும். அழுத்த வேறுபாட்டைத் திடீரென்று கூட்டினால் சாக்கே பற்பசை போன்ற குழம்பாகக் கிணற்றுக்குள் பாய்ந்து அடைத்துவிடும். எனவே மிக உயர்ந்த துளைமை கொண்ட பட்டையில் கேசிங்கைத் துளையிடாமல் அதற்கு மேலோ கீழோ இட்டு, பிளவு வழியாக அதைத் தொடுவதும், கிணற்றுவாய்த் திறப்பானை நாள்கணக்கில் மெல்லத் திறப்பதும் சாக் வயல்களின் வழக்கமாயிற்று.

மேடைகள், பிறகு தண்ணீர்

கடலடி தாழ்ந்தால் மேடையின் தளத்துக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 1987-இல் உருக்குக் கால்களில் நின்ற மேடைகளின் கால்களை வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தளத்தை ஒருசேர உயர்த்தி, இடையில் 6 மீட்டர் நீளத் துண்டுகளைச் செருகினார்கள். மேடைகளைப் பாலங்களும் குழாய்களும் இணைத்திருந்ததால் ஒவ்வொன்றாகத் தூக்க வழியில்லை. கான்கிரீட் தொட்டியைத் தூக்க முடியாது. 1989-இல் இரண்டு பாதிகளாகக் கட்டி இழுத்து வந்த ஒரு கான்கிரீட் வளையத்தை அதைச் சுற்றிப் பொருத்தினார்கள்.

தாழ்வை நிறுத்த என்ன வழி? கையில் இருந்த முன்னுதாரணம் கலிஃபோர்னியாவின் வில்மிங்டன். அங்கே மணற்பாறைத் தேக்கம் சுருங்கி லாங் பீச் துறைமுகப் பகுதி ஏறக்குறைய 9 மீட்டர் தாழ்ந்தது. 1958 முதல் பெரிய அளவில் நீர் செலுத்தியதும் தாழ்வு நின்றது. ஏகோஃபிஸ்கிலும் 1987-இல் கடல்நீர் செலுத்துதல் தொடங்கியது. உண்மையில் அது எண்ணெயைத் தள்ளுவதற்காகத் திட்டமிட்டது. பிளவு உள்ள தேக்கத்தில் தண்ணீர் பிளவு வழியே ஓடி, துளையில் உள்ள எண்ணெயைத் தொடாமலே உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிடும் என்ற பயம் இருந்தது. ஆனால் டோர் அடுக்கு நீரை விரும்பும் தன்மை கொண்டது. பிளவில் வந்த நீரைச் சாக் தானாக உறிஞ்சிக்கொண்டு எண்ணெயைப் பிளவுக்குள் தள்ளியது. 1981-இல் தொடங்கிய முன்னோட்டச் சோதனை இதை உறுதிப்படுத்தியதால்தான் பெரிய திட்டத்துக்குத் துணிவு வந்தது.

எண்ணெய்ப் பக்கம் பலித்தது. தாழ்வுப் பக்கம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 1990-களின் நடுவில் தேக்க அழுத்தம் நிலைபெற்று ஏறத் தொடங்கிய பிறகும் கடலடி ஆண்டுக்கு 40 செ.மீ. அளவில் இறங்கிக்கொண்டே இருந்தது. சாக் மணற்பாறை அல்ல என்பதுதான் காரணம். எண்ணெய் நிறைந்த சாக் ஒரு சுமையைத் தாங்கி நிற்கும். அதே சுமையில் தண்ணீர் தொட்டதும் இளகிச் சுருங்கும். ஏகோஃபிஸ்கின் 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கடல்நீரின் சல்பேட் அயனிகள் கால்சைட்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதும், மக்னீசியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதும் தகடுகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகின்றன என்று ஆய்வகங்கள் காட்டின. அதே அயனிகள் பாறையை நீர்விரும்பியாக மாற்றி எண்ணெயை விடுவிக்கவும் உதவுகின்றன. செலுத்திய நீரின் முன்விளிம்பான நீர் முனை எங்கெல்லாம் புதிதாகப் போய்ச் சேர்ந்ததோ அங்கெல்லாம் ஒரு புதிய சுருக்கம்.

1998-இல் எதிர்காலத் தாழ்வையும் கணக்கில் சேர்த்து உயரமாகக் கட்டிய ஏகோஃபிஸ்க் 2 மேடைகள் வேலைக்கு வந்தன. அதன் பிறகே தாழ்வின் வேகம் கணிசமாகக் குறைந்தது. இன்றுவரை மொத்தத் தாழ்வு 9 மீட்டருக்கு மேல். எடுக்கக்கூடிய எண்ணெயின் மதிப்பீடு 17 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்தைத் தாண்டியது.

கடல்நீருக்கு வேறு செலவும் உண்டு. அதன் சல்பேட், தேக்க நீரிலுள்ள பேரியத்தோடு சேர்ந்து கிணற்றுக் குழாயில் பேரியம் சல்பேட் படிவாக இறுகும். சாதாரண அமிலத்தில் கரையாது, எடுப்பது கடினம். சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். தொடக்கத்தில் ‘இனிப்பு’ எண்ணெய்க்காக, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாத எண்ணெய்க்காக, தேர்ந்த உருக்கு பின்னால் போதாமல் போகும்.

செலுத்தும் நீர் எங்கே போகிறது

2001 மே 7 அன்று ஏகோஃபிஸ்கில் ரிக்டர் அளவில் 4-ஐத் தாண்டிய ஒரு நிலநடுக்கம் பதிவானது. நடுக்கம் பிறந்தது தேக்கத்தில் அல்ல, அதற்கு மேலுள்ள களிப்பாறையில். சிதைந்த ஒரு கிணற்றின் வழியாகத் தேக்கத்துக்குப் போக வேண்டிய நீர், யாரும் நினைக்காமலே மேலுள்ள அடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் விளக்கம். அந்த அடுக்கு ஏற்கெனவே தாழ்வினால் விறைத்து நின்றது. கிடையான தளம் ஒன்றை நீர் பிளந்து வழுக்க வைத்தது.

நடைமுறையில் இதைப் பிடிக்க ஒவ்வொரு செலுத்து கிணற்றுக்கும் தனியாக, நாள்தோறும், பாய்வு வீதத்தையும் கிணற்றுவாய் அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் போட வேண்டும். தேக்கத்துக்குள் நீர் போகும்வரை, அழுத்தம் ஏறினால்தான் வீதம் ஏறும். வீதம் அப்படியே இருக்க அழுத்தம் இறங்கினாலோ, அதே அழுத்தத்தில் கிணறு திடீரென்று கூடுதல் நீரைக் குடித்தாலோ, அது நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பு குறைவு. செலுத்துவதை நிறுத்தி, வெப்பநிலை லாக்கை இறக்கிக் குளிர்ந்த கடல்நீர் எந்த ஆழத்தில் வெளியேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2010-இல் கடலடியில் நிரந்தர அதிர்வு உணரிகளைப் பதித்த பிறகு, நீர் முனையின் நகர்வையும் மேலடுக்கின் விரிசலையும் அடுத்தடுத்த அளவைகளில் ஒப்பிட முடிகிறது. அப்போதும் வாயு மூடிய முகட்டில் படம் மங்கல்தான். அங்கே கிணற்று அளவுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.